மருந்துத் தகவல் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு சீனியர் "இந்த ஆப்பைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிடுவார். நாமும் போட்டுக்கொள்வோம். மருந்துத் தகவல் செயலியை நம்மில் பலர் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். ஆனால் அந்தச் சீனியர் இருதயப் பிரிவில் இருப்பார், நீங்கள் குழந்தைகள் வார்டில் இருப்பீர்கள். அவருக்கு வாகாக இருப்பது உங்களுக்குப் பாதி நேரம் உதவாது.

ஆப் ஸ்டோரில் தெரியும் நட்சத்திரங்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பார்க்க நன்றாக இருக்கிறது', 'விளம்பரத் தொல்லை அதிகம்' என்று எழுதுபவர்கள்தான் அங்கே அதிகம். டோஸைச் சரிபார்த்துவிட்டு மதிப்பெண் போடுபவர் அபூர்வம்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு முறை. உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகளைச் செயலியிடம் கேளுங்கள். விடை தெரியாத கேள்வியைக் கேட்டால் திரையில் வருவதெல்லாம் சரியாகத்தான் தோன்றும். விடை தெரிந்ததைக் கேட்டால்தான் எதை முழுங்கிவிட்டார்கள், எதைத் தெளிவாகச் சொன்னார்கள், தேவையான வரி எத்தனை தட்டலில் கிடைத்தது என்று பிடிபடும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பரீட்சைக்கான ஏற்பாடுதான்.

1. முதலில் உங்கள் கேள்விகளைச் சேகரியுங்கள்

எதையும் இறக்குவதற்கு முன்பு, ஒரு வாரம் டியூட்டியில் மருந்து சம்பந்தமாக எதையெல்லாம் தேட வேண்டியிருந்தது என்று சட்டைப்பைத் தாளில் ஒவ்வொரு வரியாகக் குறித்து வையுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.

வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் உங்கள் தேவை என்னவென்று தெரிந்துவிடும். ஐ.சி.யூ. செவிலியரின் தாளில் "நார்அட்ரினலினை எதில் கலப்பது", "இந்த இரண்டையும் ஒரே லைனில் விடலாமா" என்பவை நிறைந்திருக்கும். மருந்தாளுநரின் தாளில் "இந்த மாத்திரையைப் பொடித்து டியூப் வழியாகக் கொடுக்கலாமா", "இந்த பிராண்டில் உள்ளே என்ன மருந்து" என்று இருக்கும். பொது மருத்துவப் பிரிவில் இருப்பவருக்குச் சிறுநீரகக் கோளாறில் டோஸ் குறைப்பதும் ஒரு மருந்து இன்னொன்றின் வேலையை மாற்றிவிடும் இன்டராக்‌ஷனும்தான் பெரும்பங்கு.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எல்லாவற்றிலும் கெட்டியான செயலி என்று ஒன்று கிடையாது. ஒரே ஐ.வி. லைனில் இரண்டு மருந்துகள் ஒத்துப்போகுமா என்பதற்கு மைக்ரோமெடெக்ஸ், லெக்ஸிகாம்ப் (இப்போதைய பெயர் லெக்ஸிட்ரக்) போன்ற சந்தா செயலிகளில் தனி வசதி உண்டு. மருத்துவர்களுக்கென்று வரும் பல இலவசச் செயலிகளில் அது மேலோட்டமாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. உங்கள் தாளில் பத்தில் ஏழு கேள்வி அதைப் பற்றியதாக இருந்தால், மற்ற பளபளப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு அங்கிருந்தே தேர்வைத் தொடங்குங்கள்.

2. அது எந்த நாட்டு மருந்துநூல்?

மருந்துச் செயலி எல்லாவற்றுக்கும் சொந்த ஊர் ஒன்று உண்டு. எபோக்ரடீஸும் மெட்ஸ்கேப்பும் அமெரிக்க நடைமுறையை வைத்து எழுதப்படுபவை. 1949 முதல் வெளிவரும் பிரிட்டிஷ் நேஷனல் ஃபார்முலரி, அதாவது பி.என்.எஃப்., பிரிட்டன் நடைமுறையைச் சார்ந்தது. குழந்தைகளுக்கான அதன் தனிப் பதிப்பு 2005 முதல் வருகிறது. ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்திரேலியன் மெடிசின்ஸ் ஹேண்ட்புக். ஆசிய நாடுகள் பலவற்றில் மிம்ஸ், அந்தந்த நாட்டு பிராண்டுகளோடு.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பெயர்களைப் போட்டுப் பார்ப்பது. பாராசிட்டமால் என்று தேடுங்கள். அமெரிக்கச் செயலி அதை அசிட்டமினோஃபென் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சல்பியூட்டமால், அங்கே அதன் பெயர் அல்பியூட்டரால். பெத்திடின் அங்கே மெபரிடின். ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். நீங்கள் படித்த பெயரைப் போட்டதும் செயலி கைவிரித்தால், அவசரத்தில் அது உங்களைத் திண்டாட வைக்கும்.

சில மருந்துகள் அங்கே சந்தையிலேயே இருக்காது. வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோனுக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. அதனால் அமெரிக்கச் செயலியில் அதைப் பற்றிச் சரியான விவரம் கிடைக்காவிட்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. "தேடினேன், எச்சரிக்கை எதுவும் வரவில்லை" என்பதற்கு "பிரச்சினை இல்லை" என்று பொருள் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

பிராண்டு பெயர் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்றால் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் இருந்தது மோர்னிஃப்ளூமேட் என்ற வீக்கநிவாரணி. டைலகார் அமெரிக்காவில் டில்டியாசெம், செர்பியாவில் டிகாக்ஸின். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி காலி அட்டையை நீட்டினால், பிராண்டு பெயரை உங்கள் செயலியில் தட்டாதீர்கள். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைத் தட்டுங்கள்.

அளவீட்டு அலகும் நாட்டுக்கு நாடு மாறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ஒரு இடத்தில் டெசிலிட்டருக்கு மி.கி. என்று தருவார்கள், இன்னொரு இடத்தில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று. 1.2 மி.கி. என்பது ஏறக்குறைய 106 மைக்ரோமோல். செயலியில் உள்ள கணிப்பான் அலகைத் தெளிவாகக் காட்டுகிறதா, மாற்றிக்கொள்ள விடுகிறதா என்று பாருங்கள்.

3. யார் எழுதுகிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள்

'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்து ஆசிரியர் குழு யார், அவர்களின் தகுதி என்ன, தகவல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று தேடுங்கள். பெயரே இல்லாமல் 'நிபுணர் குழு' என்று மட்டும் இருந்தால் அந்தச் செயலியை அப்போதே நீக்கிவிடலாம். ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய தேதியும், முக்கியமான கூற்றுகளுக்கு ஆதாரமும் இருந்தால் நல்லது. 'ஆப் சென்ற வாரம் அப்டேட் ஆனது' என்று ஸ்டோர் காட்டும் தேதியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பொத்தானின் நிறத்தை மாற்றினாலும் அந்தத் தேதி மாறும்.

செயலியின் உள்ளடக்கம் பழசா புதுசா என்று பார்க்க, விதி மாறிய மருந்துகளைக் கேட்பதுதான் என் வழக்கம்.

மெட்ஃபார்மினைத் திறங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் ஆணுக்கு 1.5, பெண்ணுக்கு 1.4 தாண்டினால் கொடுக்கக்கூடாது என்பது பழைய அமெரிக்க விதி. 2016-இல் எஃப்.டி.ஏ. அதை இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீட்டின் அடிப்படைக்கு மாற்றியது: 30-க்குக் கீழே கூடாது, 30-க்கும் 45-க்கும் இடையில் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டும். இன்னும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் வைத்துப் பேசும் செயலி அந்த வருடத்துக்கு முன்பே உறங்கிப்போய்விட்டது என்று அர்த்தம்.

டொம்பெரிடோன் இன்னொன்று. இருதயத் துடிப்புக் கோளாறு பற்றிய கவலையால் 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கான டோஸை 10 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை வரை என்று கட்டுப்படுத்தியது. பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னது. நாளுக்கு 80 மி.கி. வரை கொடுக்கலாம் என்று செயலி சொன்னால் அது பழைய கதை. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கோடீனைத் தேடினால் எஃப்.டி.ஏ.வின் 2017 தடை தெரிய வேண்டும். ரானிட்டிடின் பக்கத்தில் 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

கர்ப்பகாலத் தகவலைப் பார்க்கும்போது ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். 1979 முதல் இருந்த அந்த முறையை எஃப்.டி.ஏ. 2015-இல் கைவிட்டு, ஆபத்தை வாக்கியங்களாக விளக்கும் முறைக்கு மாறியது. எழுத்தைக் கூடவே வைத்திருப்பது தவறில்லை. எழுத்து மட்டும் இருப்பதுதான் போதாது. இங்கே ஒரு குழப்பமும் உண்டு: லெக்ஸிகாம்ப் இன்டராக்‌ஷன்களின் தீவிரத்தைக் குறிக்கவும் இதே ஏ முதல் எக்ஸ் வரையிலான எழுத்துகளையே வைத்திருக்கிறது. அங்கே எக்ஸ் என்றால் அந்த ஜோடியைச் சேர்த்துக் கொடுக்காதே என்று பொருள், கர்ப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலவசமாகத் தருகிறவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பல இலவசச் செயலிகள் மருந்து நிறுவனங்களின் விளம்பரத்தில் ஓடுபவை. அதனாலேயே அவற்றின் தகவல் தவறு என்று ஆகாது. விளம்பரம் எது, ஆசிரியர் குழு எழுதியது எது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்பதே முக்கியம். மருந்தின் டோஸைத் தேடும் பக்கத்திலேயே அதன் போட்டி மருந்தின் விளம்பரம் செய்தி போல வந்து நின்றால் எனக்கு அந்தச் செயலியின் மேல் இருக்கும் மரியாதை குறைந்துவிடும்.

4. டோஸ் பரீட்சை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இறக்கி வைத்திருக்கும் இரண்டு மூன்று செயலிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியை எல்லாவற்றிலும் கேளுங்கள்.

முதல் கேள்வி: 3 வயது, 15 கிலோ குழந்தை, நடுச்செவி அழற்சி, அமாக்ஸிசிலின். அமெரிக்க முறைப்படி ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி., அதை இரண்டு வேளையாகப் பிரித்து. 90 என்று வைத்தால் நாளுக்கு 1350 மி.கி., வேளைக்கு 675 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப்பில் அது 13.5 மி.லி. இப்போது திரையைப் பாருங்கள். 'நாளுக்கு' என்பதும் 'இரண்டாகப் பிரித்து' என்பதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றனவா, அல்லது அடுத்த வரிக்குப் போய்விட்டனவா? சிறிய போனில் வரி மடியும் இடத்தில் 'நாளுக்கு' தொலைந்துபோனால், படிக்கிறவர் 1350 மி.கி.யை ஒரே வேளைக்கு எழுதிவிடுவார். இரண்டு மடங்கு டோஸ்.

அதே கேள்வியைக் குழந்தைகளுக்கான பி.என்.எஃப்.-இல் கேட்டால் வேறு உருவத்தில் விடை வரும்: 1 முதல் 4 வயதுக்கு 250 மி.கி. வீதம் மூன்று வேளை, தேவைப்பட்டால் வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.கி. வரை. புதிதாகப் பார்ப்பவர் "இரண்டு புத்தகமும் சண்டை போடுகிறதே" என்று நினைப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30-ஐ 15-ஆல் பெருக்கினால் 450, மூன்று வேளைக்கு 1350. உச்சவரம்பு ஒன்றேதான். வழக்கமான டோஸ்தான் மாறுகிறது. செயலி எந்த மரபில் டோஸைச் சொல்கிறது, வயதை வைத்தா எடையை வைத்தா, நாளுக்கா வேளைக்கா என்பதை வாங்கும் முன்பே பழகிவிடுங்கள். நள்ளிரவில் பழக முடியாது.

இரண்டாவது கேள்வி: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு முறை என்பதுதான் விடை என்று எல்லோருக்கும் தெரியும். தினமும் கொடுத்து உயிரே போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால் செயலி 'வாரம் ஒருமுறை' என்பதை டோஸ் வரியிலேயே, கண்ணில் அறைகிற மாதிரி சொல்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கைகள் என்ற பகுதியில் பதினெட்டாவது வரியாக ஒளித்து வைத்திருந்தால் மதிப்பெண் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 80 வயது மூதாட்டி, எடை 45 கிலோ, கிரியாட்டினின் 1.2. காலில் ரத்த உறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈனாக்ஸாபாரின் ஊசி எவ்வளவு?

1.2 என்றதும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். செயலியின் கணிப்பானில் போடுங்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்திலிருந்து கிரியாட்டினினை நீக்குகிறது என்று மதிப்பிட 1976-இல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம், 140-லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, 72-ஆலும் கிரியாட்டினினாலும் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கச் சொல்கிறது. விடை ஏறக்குறைய 27. இ.ஜி.எஃப்.ஆரைக் கணக்கிடும் சி.கே.டி.-எபி 2021 சூத்திரத்தில் அதே மூதாட்டிக்கு ஏறக்குறைய 46 வருகிறது. ஈனாக்ஸாபாரினில் 30-க்குக் கீழே போனால் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை என்பது நாளுக்கு ஒருமுறையாகக் குறையும். அதாவது 46-ஐ நம்பினால் அவருக்கு 45 மி.கி. இரண்டு வேளை, 27-ஐ நம்பினால் ஒரே வேளை. பழைய மருந்துகள் பலவற்றின் டோஸ் எல்லைகள் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கை வைத்தே நிர்ணயிக்கப்பட்டவை. ஆய்வகச் சீட்டிலோ பெரும்பாலும் இன்னொரு கணக்குதான் அச்சாகி வருகிறது.

எனவே செயலியிடம் மூன்று விஷயம் எதிர்பாருங்கள். டோஸ் பக்கத்தில் எந்த அளவை வைத்து 30 என்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கணிப்பான் எந்தச் சூத்திரம் என்று பெயரோடு காட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து கணிப்பானுக்குப் போய்த் திரும்பினால் தேடிய இடம் தொலைந்துபோகக் கூடாது. மூன்றாவது அற்பமாகத் தோன்றும், ஆனால் ரவுண்ட்ஸில் எரிச்சல் தருவது அதுதான்.

5. இன்டராக்‌ஷன் பரீட்சை

பல செயலிகள் 'இரண்டு மருந்துகளைப் போடுங்கள், நாங்கள் சொல்கிறோம்' என்ற வசதியைத் தருகின்றன. கத்தத் தெரிந்த எந்தச் செயலிக்கும் எச்சரிக்கை தருவது சுலபம். எதற்குக் கத்துகிறது, கத்திவிட்டு என்ன செய்யச் சொல்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

தெரிந்த ஜோடிகளைப் போடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் மெட்ரோனிடசோலும்: ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறும், ரத்தக்கசிவு அபாயம். மெத்தோட்ரெக்ஸேட்டும் டிரைமெத்தோப்ரிமும்: எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். அலோப்யூரினாலும் அசாதியோப்ரினும்: சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அசாதியோப்ரினைக் கால்பங்கு அளவுக்குக் குறைக்க வேண்டும். சிம்வாஸ்டாட்டினும் கிளாரித்ரோமைசினும்: சேர்க்கவே கூடாது, தசை சிதைவு வரும். கடைசி ஜோடியில் 'கவனம் தேவை' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் செயலி உங்களை அந்தரத்தில் விட்டுவிடுகிறது. நல்ல செயலி, ஆன்டிபயாட்டிக் முடியும்வரை சிம்வாஸ்டாட்டினை நிறுத்துங்கள், அல்லது சிம்வாஸ்டாட்டினை உடைக்கும் நொதியைப் பெரிதாகத் தடுக்காத அசித்ரோமைசின் போன்ற மாற்றை யோசியுங்கள் என்று வழி காட்டும்.

அப்புறம் சும்மா இருக்க வேண்டிய ஜோடியையும் போடுங்கள்: பாராசிட்டமாலும் அமாக்ஸிசிலினும். இதற்கும் மஞ்சள் விளக்கு எரிந்தால், பத்து மருந்து சாப்பிடும் முதியவரின் பட்டியலைப் போட்டால் திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகிவிடும். நாளடைவில் நீங்கள் எதையும் படிக்காமல் தள்ளிவிடப் பழகுவீர்கள். உண்மையான எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தோடு போய்விடும்.

மூன்றாவதாக, கொடுக்கும் வழியை வைத்து ஒரு பொறி. வார்ஃபரின் எடுப்பவருக்கு வாய்ப்புண்ணுக்கு மைக்கோனசோல் ஜெல். 'வாயில் தடவுவதுதானே' என்று எழுதிவிடுவோம். அது உடலுக்குள் போய் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றிவிடும், ஆபத்தான ரத்தக்கசிவு வந்திருக்கிறது. செயலி மைக்கோனசோல் என்றாலே எல்லா வடிவத்தையும் ஒன்றாகப் பார்க்கிறதா, மேல்பூச்சு என்று அலட்சியமாக விட்டுவிடுகிறதா, அல்லது வாய் ஜெல்லைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறதா என்று கவனியுங்கள். ஆஸ்துமாக்காரருக்கு, மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடிய டிமோலால் கண் சொட்டு மருந்தையும் இதே மாதிரி சோதிக்கலாம்.

இரண்டு செயலிகள் ஒரே ஜோடிக்குத் தீவிரத்தை வேறு வேறாகத் தரம்பிரிப்பது சகஜம். அதைக் கண்டு பதற வேண்டாம். எது காரணத்தையும் எவ்வளவு நாளில் விளைவு தெரியும் என்பதையும் சொல்கிறதோ அதன் பக்கம் சாயுங்கள்.

6. நெட்டை அணைத்துவிட்டுத் தேடுங்கள்

போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு மேலே சொன்ன கேள்விகளை இன்னொரு முறை கேளுங்கள். அறுவை அரங்கு, எக்ஸ்ரே பிரிவு, லிஃப்ட், அடித்தள மருந்தகம், இங்கெல்லாம் சிக்னல் படுத்துக்கொள்ளும். சில செயலிகளில் டோஸ் வரும், இன்டராக்‌ஷன் மட்டும் நெட் கேட்கும். சிலவற்றில் ஆஃப்லைன் தகவலை நீங்களே அமைப்புகளுக்குள் போய்த் தனியாக இறக்க வேண்டும். இறக்கிய தகவல் எந்தத் தேதியுடையது என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். வைஃபை கிடைக்கும்போது தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

எழுத்துப் பிழையோடும் தேடிப் பாருங்கள். முதல் நான்கு எழுத்தைத் தட்டியதும் வரும் பட்டியலில் ஹைட்ராலசினும் ஹைட்ராக்ஸிசினும் சேர்ந்தே நிற்கும். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று அரிப்புக்கு. கட்டைவிரல் வழுக்கினால் எந்தப் பக்கம் திறக்கிறது என்றே கவனிக்க மாட்டோம். பெயருக்குக் கீழே மருந்தின் வகையையும் சிறியதாகக் காட்டும் செயலி இதில் ஒரு படி மேல்.

7. காசும் அனுமதிகளும்

சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் மருத்துவமனை அல்லது கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். மைக்ரோமெடெக்ஸ், லெக்ஸிகாம்ப், அப்டுடேட் போன்றவற்றை நிறுவனமே வாங்கி வைத்திருந்தும் யாரும் சொல்லாததால் புதியவர்கள் பயன்படுத்தாமல் இருப்பது நடக்கிறது. இலவசப் பதிப்பில் தொடங்குங்கள். உங்கள் தாளில் இருக்கும் கேள்விகளுக்கு அது விடை தராதபோது மட்டும் பணம் கட்டுங்கள்.

நண்பர் வாட்ஸப்பில் அனுப்பும் 'கிராக்' செய்த சந்தா செயலியைத் தொடவே வேண்டாம். சட்டத்தை ஒதுக்கிவைத்தே சொல்கிறேன்: அது புதுப்பிக்கப்படாது. என்றைக்கு உடைத்தார்களோ அன்றைய டோஸ்தான் உள்ளே உறைந்து கிடக்கும், அதை நீங்கள் அறியவும் மாட்டீர்கள்.

மருந்தைத் தேடும் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியலும் மைக்கும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். நோயாளியின் பெயர், பதிவு எண் எதையும் உள்ளே எழுதாதீர்கள். கணிப்பானுக்கு வயதும் எடையும் போதும்.

8. ஒன்றை நம்பி இருக்காதீர்கள்

பரீட்சையில் தேறியதை முதன்மையாக வையுங்கள், வேறு நாட்டு மரபில் எழுதப்பட்ட ஒன்றைத் துணைக்கு வையுங்கள். இரண்டுமே அமெரிக்கச் செயலியாக இருந்தால் ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்ட மாதிரிதான்.

இவை போக, தனித் துறைக்கென்று சில இலவசக் களஞ்சியங்கள் உண்டு. பொதுச் செயலிகளைவிட அந்த விஷயத்தில் இவை ஆழமானவை. தாய்ப்பால் கொடுப்பவருக்கு மருந்து எழுதும்போது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத் தளத்தில் உள்ள லாக்ட்மெட். பொதுச் செயலிகள் பலவும் 'பால் கொடுப்பதைத் தவிர்க்கவும்' என்று ஒரே வரியில் கைகழுவும் இடத்தில், பாலில் எவ்வளவு மருந்து போகிறது, குழந்தையிடம் என்ன தெரிந்தது என்று இது எடுத்து வைக்கும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி மருந்துகளுக்கு லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் இன்டராக்‌ஷன் தளங்கள், போக்குவரத்து விளக்கு நிறங்களில். இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளியை நீட்டி இருதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மருந்துகளுக்குக் கிரெடிபிள்மெட்ஸ் பட்டியல். வசதி குறைந்த இடத்தில் வேலை என்றால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டிச் செயலி, நெட் இல்லாமலும் ஓடும்.

சாட்பாட்டிடம் டோஸ் கேட்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளக் கேளுங்கள், தப்பில்லை. மி.கி. கணக்கை மட்டும் அதனிடமிருந்து நேராக மருந்துச்சீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தவறான எண்ணையும் அது சரியான எண்ணைச் சொல்லும் அதே தோரணையில்தான் சொல்லும். மருந்துச் செயலிகளுக்குள்ளேயே இப்படிக் கேள்வி கேட்கும் வசதி வந்துகொண்டிருக்கிறது. அங்கே விடைக்குக் கீழே மூலப் பக்கத்துக்கான இணைப்பு இருந்தால் அதைத் தட்டித் திறந்து எண்ணைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

9. வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகு

அடிக்கடி தேடும் மருந்துகளையும் கணிப்பான்களையும் முதல் நாளே 'பிடித்தவை' பகுதியில் சேர்த்துவிடுங்கள். இருதயத் துடிப்பு நின்றுபோன அவசரத்தில் அட்ரினலின் டோஸைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அது மனப்பாடமாக இருக்க வேண்டும், அல்லது அவசர வண்டியில் ஒட்டிய அட்டையில் இருக்க வேண்டும். செயலி அதற்கானதல்ல.

நோயாளி முன்னால் போனை எடுக்கும்போது "மருந்தின் அளவைச் சரிபார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் மெசேஜ் பார்ப்பதாகத்தான் அவர் நினைப்பார். போனைக் கையோடு சேர்த்துச் சுத்தம் செய்வதையும் பழக்கப்படுத்துங்கள்.

உங்கள் மருத்துவமனையின் ஆன்டிபயாட்டிக் நெறிமுறை செயலியோடு முரண்பட்டால், அந்த இடத்துக் கிருமிகளின் எதிர்ப்புத்தன்மையை வைத்து எழுதப்பட்ட நெறிமுறைக்கே முதலிடம். இரண்டு செயலிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், சராசரி எடுக்காதீர்கள். மருந்து உற்பத்தியாளரின் அங்கீகரிக்கப்பட்ட விவரத்தாளுக்குப் போங்கள். அமெரிக்க விவரத்தாள்கள் டெய்லிமெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மற்ற நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் தேடலாம். அங்கேயும் தெளியவில்லை என்றால் மருத்துவமனை மருந்தாளுநரைக் கூப்பிடுங்கள். வழக்கத்துக்கு மாறான டோஸை எழுத நேர்ந்தால் எந்த மூலத்தைப் பார்த்து எழுதினீர்கள், எந்தத் தேதிப் பதிப்பு என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேருங்கள். அடுத்த டியூட்டிக்கு வருபவர் அதைத் தவறு என்று நினைத்து மாற்றிவிட மாட்டார்.

செயலியிலேயே தவறு இருப்பதாகத் தெரிந்தால் அதிலுள்ள பின்னூட்டப் பகுதி வழியாகப் பதிப்பாளருக்கு எழுதுங்கள். மருந்தின் பெயர், எந்தப் பகுதி, செயலியின் பதிப்பு எண், எந்த ஆதாரத்தோடு முரண்படுகிறது, இவ்வளவு இருந்தால் போதும். திரையைப் படம் பிடித்து இணைக்கும்போது மேலே வந்து நிற்கும் மெசேஜ் அறிவிப்புகளில் நோயாளி விவரம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.